பயிர்க் காவலும் வனசீவராசிகள் சட்டமும்

நெற்கதிர் பால் பிடிக்கும் காலமே கமக்காரனுக்கு உறக்கமில்லாத காலமாகும். மூன்று மாத உழைப்பும், விதைநெல், பசளை, கூலி என்பவற்றுக்காகப் பட்ட கடனும் அப்போது வயலிலேயே நிற்கின்றன. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று ஓரிரவிலே ஒரு பரப்புப் பயிரை உழக்கிவிடும். யானைகள் புகுந்தால் விளைவு அதனினும் கொடிது. மரவள்ளி, வற்றாளை, சோளம், பூசணி முதலியன பயிரிடுவோரும் இதே இன்னலுக்கு ஆளாகின்றனர்.

இந்நிலையில் மனம் வெறுத்த கமக்காரர் சிலர் வேலியோரத்திலே சுருக்குக் கம்பி கட்டுகின்றனர். சிலர் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். வேறு சிலர் வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுக்கின்றனர். பின்னர் வனசீவராசிகள் அலுவலர் வந்து அவர்களைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தும்போது, “சட்டம் மனிதனை விட்டு மிருகத்தின் பக்கம் நிற்கின்றது” என்று ஊரார் குறைகூறுவர். இக்குறை முற்றிலும் சரியானதன்று. பயிரைக் காத்தலைச் சட்டம் தடுக்கவில்லை. வருவது யார், எது என்று அறியாது கொல்லும் முறைகளையே அது தடுக்கின்றது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொண்டால், கமக்காரர் தம் பயிரையும் காக்கலாம். வழக்கிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளலாம்.

சட்டம் பிறந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியில் யானை பயிருக்குப் பகையான பிராணியாகவே கருதப்பட்டது. அதனைக் கொன்றவருக்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. 1845ஆம் ஆண்டில் இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி ஒருவர் மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. இவ்வாறு வரம்பின்றிக் கொன்றதன் பயனாகக் காட்டு விலங்குகள் அருகிவரவே, 1872ஆம் ஆண்டில் எருமைகளையும் வேட்டை விலங்குகளையும் வீணே அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1894ஆம் ஆண்டில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. யால ஒதுக்குக் காட்டின் முதற் காவலராகப் பணிபுரிந்தவர், தென்னாபிரிக்கப் போயர் யுத்தத்திற் சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட எங்கல்பிரெக்ட் என்பவராவர்.

இன்று நடைமுறையிலுள்ள விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாகும். யாலவும் வில்பத்துவும் 1938ஆம் ஆண்டில் தேசிய வனங்களாயின. முன்னர் காட்டுத் திணைக்களத்தின் பொறுப்பிலிருந்த இவ்வேலையைச் செய்வதற்கென 1949ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வனசீவராசிகளுக்குத் தனித் திணைக்களம் நிறுவப்பட்டது. கட்டளைச்சட்டம் பின்னர் பன்முறை திருத்தப்பட்டது. 1993ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் செய்யப்பட்ட திருத்தங்கள் அவற்றுள் முக்கியமானவை; தண்டனைகளும் காலந்தோறும் கூட்டப்பட்டுள்ளன. ஆகவே, “முன்னாளில் சிறு குற்றப்பணத்தோடு தப்பினர்” என்று கேள்விப்பட்டதை நம்பி எவரும் துணிதல் ஆகாது.

சரணாலயமும் தேசிய வனமும்

தேசிய வனத்தினுள் அனுமதிப்பத்திரமின்றிப் புகுதலே குற்றமாகும். அங்கு வேட்டையாடுதலும் மீன் பிடித்தலும் தடுக்கப்பட்டுள்ளன. சரணாலயம் அத்தகையதன்று. அதனுள் தனியார் காணிகளும் வயல்களும் குடியிருப்புகளும் இருக்கலாம். மக்கள் வழமைபோற் பயிர் செய்யலாம். ஆயினும் அங்கு விலங்கு, பறவைகளைக் கொல்லுதலும் பிடித்தலும் குற்றமேயாகும்.

இவ்வேறுபாடு வட, கிழக்குப் பகுதிக் கமக்காரர் பலருக்கு நேரடியாக வேண்டப்படுவதாகும். கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலும், மன்னார் வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக்குளம் 1954ஆம் ஆண்டிலும், வவுனிக்குளம் 1963ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. கல்லோயாத் தேசிய வனம் 1954ஆம் ஆண்டிலும், மடு வீதி, சுண்டிக்குளம் ஆகிய தேசிய வனங்கள் 2015ஆம் ஆண்டிலும் ஏற்பட்டவை. மாரி காலத்தில் வடநாடுகளிலிருந்து இக்குளங்களுக்கும் களப்புகளுக்கும் வரும் தாராக்களையும் பிற நீர்ப்பறவைகளையும் வலை வைத்தோ நஞ்சு வைத்தோ பிடித்தல் குற்றம் என்பதைக் குளத்தின் கீழ்ப் பயிர் செய்வோர் அறிந்திருத்தல் வேண்டும். தம் காணி எந்த எல்லைக்குள் அமைந்துள்ளது என்பதைக் கிராம அலுவலரிடமோ அண்மையிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்திலோ கேட்டுத் தெளிதல் நலம்.

அலுவலரின் அதிகாரமும் கடமையும்

குற்றம் நடந்ததென்று நம்புதற்கு ஏது உள்ளவிடத்து, வனசீவராசிகள் அலுவலர் வாகனத்தை நிறுத்திச் சோதிக்கலாம். துப்பாக்கி, பொறி, இறைச்சி முதலியவற்றைக் கைப்பற்றலாம். பிடியாணையின்றியே கைதுசெய்து நீதவான் முன்னிலையிற் கொண்டுசெல்லலாம். குற்றத்துக்குப் பயன்பட்ட துப்பாக்கியும் வாகனமும் அரசுடைமையாதலும் உண்டு.

பிடித்தல் மட்டும் அவர்தம் வேலையன்று. இரவிற் காட்டெல்லையைச் சுற்றி வருதல், வைக்கப்பட்ட சுருக்குகளைத் தேடி அகற்றுதல், ஊருட் புகுந்த யானைகளைத் துரத்துதல், யானைவெடிகளைக் கமக்காரருக்குப் பகிர்தல், காயமுற்ற விலங்குகளுக்கு மிருக வைத்தியரைக் கொண்டுவருதல், உயிருக்கும் உடைமைக்கும் நேர்ந்த சேதத்தைப் பார்த்து நட்டஈட்டுக்கு அறிக்கை செய்தல் ஆகியனவும் அவர்க்குரியன. ஆகவே அவரைக் கண்டு ஒளிப்பதினும் அழைத்துப் பயன்கொள்வதே கமக்காரருக்கு இலாபமாகும்.

தடுக்கப்பட்ட முறைகள்

காட்டுப்பன்றி சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கன்று. எனினும் பன்றிக்கென வைக்கப்படும் பொறி பன்றியை மட்டுமே பிடிப்பதில்லை. இதனாலேயே கீழ்க்கண்ட முறைகள் ஆபத்தானவையும் தண்டனைக்குரியவையும் ஆகின்றன.

சுருக்குக் கம்பி: மோட்டார்ச் சைக்கிளின் பழைய தடுப்புக் கம்பியை வளையமாக்கி, விலங்குகள் வழக்கமாக வந்துபோகும் தடத்திற் கட்டுவர். அகப்பட்ட விலங்கு இழுக்குந்தோறும் வளையம் இறுகும். அது பன்றியாயின் பன்றி, அயலவரின் பசுக்கன்றாயின் பசுக்கன்று, சிறுத்தையாயின் சிறுத்தை. 2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆந் திகதி நல்லதண்ணிப் பகுதியில் லக்ஷபான தோட்டத்திலே மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இத்தகைய சுருக்கில் அகப்பட்டது. அலுவலரும் வைத்தியரும் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும், மூன்று நாளின் பின் மே 29ஆந் திகதி அது இறந்தது. கம்பி உடலை இறுக்கிய பின்னர் வைத்தியத்தாலும் மீட்க முடியாமற் போவது இதனாற் புலப்படும். சிறுத்தை பன்றிக் குட்டிகளையும் மான்களையும் தின்பது. அதைக் கொல்லும் தோட்டக்காரர் தம் பகைக்குப் பகையைக் கொன்றவராவர்.

கட்டுத்துவக்கு: விலங்கு செல்லும் வழியில் நூலோ கம்பியோ கட்டி, அது தடக்கியவுடன் தானே வெடிக்குமாறு வைக்கப்படும் துப்பாக்கி இதுவாகும். விறகு வெட்டப் போனவரும், காலையில் நீர் பார்க்கச் சென்றவரும், காணாமற்போன மாட்டைத் தேடியவரும் இதனாற் காலிழந்துள்ளனர், உயிரிழந்தோரும் உளர். இருட்டில் வைத்தவரே அதனைத் தடக்கி விழுவதும் உண்டு. இதனால் மனிதருக்குத் தீங்கு நேரின் வேட்டைச் சட்டத்தோடு வழக்கு முடிந்துவிடாது. குற்றவியற் சட்டத்தின் கீழும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பயிர்க் காவலுக்கெனத் துப்பாக்கி பெற்றவர்கள் அதன் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். அப்பத்திரம் மானையோ மரையையோ வேட்டையாட அளித்த அனுமதி ஆகாது என்பதையும் மறத்தலாகாது.

வாய்வெடி: சிங்களத்தில் “ஹக்கபட்டாஸ்” எனப்படும் இது, வெடிமருந்தையும் சிறு கற்களையும் சேர்த்துப் பூசணி, வெள்ளரி போன்ற தீனிக்குள் மறைத்து வைப்பதாகும். கடித்தவுடன் வெடிக்கும். பன்றிக்கென வைத்ததை இளம் யானைகள் உண்கின்றன. தாடை சிதைந்து நாக்குப் பிளந்த யானை உடனே இறப்பதில்லை. தின்னவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்காக, சிலவேளை வாரக்கணக்காக, நீர்நிலையின் அருகில் நின்று மெலிந்து மடியும். அக்காலமெல்லாம் வேதனையால் வெகுண்ட அவ்யானை, அவ்வழியே வருவோர் அனைவர்க்கும் யமனாக நிற்கும்.

வீட்டு மின்சாரம்: அனுமதிக்கப்பட்ட யானை வேலியிலும் மின்சாரம் உண்டு, அதனால் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பதும் அதுபோன்றதே என்று சிலர் எண்ணுவர். இது பெருந்தவறு. யானை வேலிக்கு மின்னூட்டும் கருவி பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தைக் கொடுப்பினும், ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறை, அதுவும் கண்ணிமைப்பொழுதினும் மிகக் குறைந்த நேரமே கொடுக்கும். தொட்டவர் அதிர்ந்து விலக இடமுண்டு. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்றாயினும் இடைவிடாது பாய்வது. தசைகளை இறுக்கிப் பற்றியவரை விடாது. ஈரமான வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது பெரும்பாலும் மரணமே. யானைக்கென இழுத்த கம்பியிற் சொந்த வீட்டாரே மாண்ட துயரங்கள் இந்நாட்டில் நடந்துள்ளன.

குளமும் மீனும்

வயலுக்கு நீர் தரும் குளமே ஊருக்கு மீனும் தருகின்றது. 1952ஆம் ஆண்டளவில் திலாப்பியா இந்நாட்டுக் குளங்களில் விடப்பட்ட பின்னர் நன்னீர் மீன்பிடி பெருகியது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, பருவகாலக் குளங்களிலும் மீன்குஞ்சுகளை விட்டு வளர்க்க உதவுகின்றது. மழையோடு விடப்பட்ட குஞ்சு, குளம் வற்றும் காலத்தில் அறுவடையாகின்றது. இதுவும் ஒரு பயிரே.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின்படி நஞ்சு, வெடிமருந்து, மயக்கும் பொருள் என்பவற்றாற் மீன் பிடித்தல் குற்றமாகும். அவ்வாறு பிடிக்கப்பட்டதென அறிந்து அம்மீனை வாங்குதலும் விற்றலும் கூடக் குற்றமே. கண் மிகச் சிறிய வலைகளும் விலக்கப்பட்டுள்ளன. அவை முட்டையிடும் பருவம் வருமுன் இளமீன்களை வாரிவிடுகின்றன.

நெல்லுக்கு வாங்கிய பீடைநாசினியில் எஞ்சியதை வாய்க்காலிலோ மடுவிலோ ஊற்றி மீன் பிடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பீடைநாசினிகளின் விற்பனையையும் பயனையும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. கொள்கலத்தில் ஒட்டப்பட்ட அறிவுறுத்தலிற் குறித்த பயிருக்கன்றி வேறெதற்கும் அவற்றைப் பயன்படுத்தலாகாது. நீரில் ஊற்றிய நஞ்சு விராலை மட்டும் கொல்வதில்லை. அடுத்த ஆண்டுக்குரிய குஞ்சுகளும், நுளம்புக் குடம்பிகளை உண்ணும் சிறு மீன்களும், இறந்த மீனைத் தின்ற கொக்கும், அந்நீரைக் குடித்த மாடும் அழியும். அம்மீனைச் சமைத்து உண்ட வீட்டாரும் அந்நஞ்சையே உண்பவராவர். ஓரிரவிற் சிலர் பெறும் சில கூடை மீனுக்காக ஊரவர் அனைவரும் ஓராண்டு விளைவை இழக்கின்றனர்.

இறைச்சி வியாபாரம்

வேட்டைக் குற்றங்கள் யாவும் பயிர்க் காவலால் நேர்வனவல்ல. மான், மரை, சருகுமான், உடும்பு, அழுங்கு முதலியவற்றின் இறைச்சிக்கு நல்ல விலை தருவதாகக் கூறி வெளியூர் வியாபாரிகள் கிராமத்தவரைத் தூண்டுவதும் உண்டு. இலாபத்தின் பெரும்பங்கு வியாபாரிக்கு. பொறி வைத்தவனுக்கோ சிறு கூலி. அகப்படும் வேளையில் மறியற்சாலைக்குச் செல்பவன் பெரும்பாலும் கூலி பெற்றவனே. பாதுகாக்கப்பட்ட விலங்கின் இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாதலால், விருந்தொன்றுக்கென வாங்கினாலும் வழக்குண்டு.

பயிருக்கு உதவும் உயிர்கள்

வயலில் எலி பெருகுவதற்கு ஒரு காரணம் எலியைத் தின்பன குறைவதாகும். ஆந்தை, கூகை, சாரைப்பாம்பு, காட்டுப்பூனை, மீன்பிடிப் பூனை ஆகியன இரவிலும் பகலிலும் கூலியின்றி எலி பிடிக்கும் காவலர். உழவின்போது ஏருக்குப் பின் வரும் கொக்கும் நாரையும் புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்குகின்றன. நச்சு வைத்த நெல்லும் சுருக்குக் கம்பியும் இக்காவலரையே முதலில் அழிக்கின்றன. இவை குறைந்த வயலில் எலிக்கென மேலும் செலவு செய்யவேண்டி வரும்.

செய்யத்தக்கன

பயிர்க் காவலுக்குச் சட்டம் இடந்தரும் வழிகள் பல உள.

ஒன்று, கூட்டு வேலி. ஒவ்வொருவரும் தத்தம் வயலைத் தனித்தனியே அடைப்பதினும், ஒரு வெளியிலுள்ள கமக்காரர் யாவரும் சேர்ந்து வெளியைச் சுற்றி முறையான மின்வேலி அமைப்பது செலவிற் குறைந்தது, பயனில் மிக்கது. விதைப்போடு கட்டி அறுவடையோடு கழற்றும் பருவகால வேலி பல இடங்களில் நற்பயன் தந்துள்ளது. அறுவடையின் பின் அரிதாளை யானை மேய்வதால் அடுத்த போகத்துக்கு இழப்பில்லை. பன்றியும் வரும் இடமாயின் நிலத்திலிருந்து ஓரடிக்குட்பட்ட உயரத்தில் ஒரு கம்பியேனும் இருத்தல் வேண்டும்.

இரண்டு, வேலிப் பராமரிப்பு. கம்பியிற் புல்லும் கொடியும் முட்டினால் மின்வலு நிலத்திற் கசிந்துவிடும். கிழமைதோறும் வேலியடியைத் துப்புரவு செய்யாத வேலி வெறுங்கம்பியே; யானை அதை விரைவில் அறிந்துகொள்ளும். முறை வைத்து இவ்வேலையைச் செய்யும் ஏற்பாட்டைப் போக ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானித்து எழுதி வைத்தல் நலம்.

மூன்று, காவல். பரணில் தனியொருவர் துயிலாதிருத்தல் அரிது. நால்வர் முறைமாறிக் காத்தலும், ஒரு பரணிலிருந்து மற்றதற்குக் குரல் கொடுத்தலும் பயனுடையன. யானைவெடியை வனசீவராசிகள் அலுவலர் காட்டித்தந்தபடியே கொளுத்துதல் வேண்டும். குடிபோதையிற் காவலுக்குச் செல்வோரே யானையிடம் எளிதில் அகப்படுகின்றனர்.

நான்கு, நெல்லைச் சேமித்தல். அறுத்த நெல்லைப் படுக்கும் வீட்டினுள் அடுக்கினால், அதன் மணத்தை நாடி யானை சுவரை உடைக்கும். இயன்றவரை கூட்டுக் களஞ்சியத்திலோ தனிக் கொட்டிலிலோ வைத்தல் வேண்டும்.

ஐந்து, காப்புறுதி. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் பயிர்க் காப்புறுதியில் வரட்சி, வெள்ளம் என்பவற்றோடு காட்டு யானையால் நேரும் சேதமும் அடங்கும். எப்பயிர்களுக்கு எவ்வளவு என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்து, சேதம் நேர்ந்தவுடன் அடையாளங்கள் அழியுமுன் அறிவித்தல் வேண்டும்.

ஆறு, அறிவித்தல். ஊருள் யானை புகுந்தால், சுருக்கில் விலங்கு அகப்பட்டிருந்தால், குளத்தில் நஞ்சு ஊற்றப்பட்டதெனத் தோன்றினால் உடனே 1992 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ அண்மையிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்திலோ கூறலாம். சுருக்கில் அகப்பட்ட சிறுத்தையை எவரும் அணுகலாகாது. கூட்டங்கூடிக் கூச்சலிடலும் ஆகாது. அது திமிறும்போது கட்டு அறுந்துவிடக்கூடும்.

இருபக்கத்து இழப்பு

அலுவலர் அழைத்தவுடன் வருவதில்லை என்னும் குறை கிராமங்களிற் பரவலாக உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஓர் அலுவலகத்துக்குரிய பரப்பு பெரிது. ஆட்களும் வாகனங்களும் சில. யானைகள் ஒரே இரவில் பல ஊர்களில் இறங்குகின்றன. ஆயினும் தாமதத்துக்கு மருந்து வாய்வெடியன்று. கமக்காரர் அமைப்பு எழுத்தில் முறையிடுதலும், சேதம் நேர்ந்த நாள், இடம், நேரம் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து பிரதேசச் செயலகக் கூட்டங்களில் வைத்தலும் பயன்தரும். பதிவு இல்லாத சேதத்துக்கு வேலியும் வராது, நட்டஈடும் வராது.

2011ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. அதே ஆண்டில் 140க்கு மேற்பட்ட மக்கள் யானைகளால் உயிரிழந்தனர். மனிதரால் யானைக்கு நேரும் சாவுகளிற் துப்பாக்கியும் வாய்வெடியும் மின்சாரமும் முக்கியமானவை. இவ்வளவு யானைகள் இறந்தும் பயிர்ச்சேதம் குறையவில்லை. மனிதர் சாவும் குறையவில்லை. கொல்லுதல் பயிருக்குக் காவலாகவில்லை என்பதை இக்கணக்கே காட்டுகின்றது. காயப்பட்ட யானை மனிதரைக் கண்டால் அஞ்சி ஓடுவதைவிட எதிர்த்து வருவதே மிகுதி.

ஆகவே, இப்போகத்துக்கு விதைக்குமுன் ஒவ்வொரு கமக்காரரும் தம் வயலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். முன்னர் எவரேனும் கட்டிவைத்து மறந்த சுருக்கோ கம்பியோ இருப்பின் அதனை அகற்றிவிடுதல் வேண்டும். கட்டுத்துவக்கோ வெடியோ காணப்படின் அதனைத் தொடாது அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவித்தல் வேண்டும். பின்னர் அயல் வயற்காரருடன் கூடி, வேலிக்கும் காவலுக்கும் முறை வகுத்துக்கொள்ளல் வேண்டும். வரம்பில் நடக்கும் பிள்ளைகளும், மாலையில் வீடு திரும்பும் மாடுகளும், விளைந்த நெல்லும் ஒருங்கே காக்கப்படுவதற்கு வழி இதுவேயாகும்.